இருவர் ஆடும் ஆட்டம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

பதுளைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து இப்பாடசாலைக்கு வந்தவள் நான். வலைப்பந்து ஆடினேன். பெரியவளானதும், "வெயிலில் கறுத்துப் போவாய், போதும்" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். படிப்பையும் நிறுத்தப் பார்த்தார்கள். அணித் தோழி தன் தாயாரை அழைத்துவந்து என் அம்மாவிடம் பேசவைத்தாள். படிப்பு தப்பியது.

ஹைதராபாத்தில் வளர்ந்த டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்ஸாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தோழி நினைவுக்கு வருவாள். 2007இல் ஒற்றையர் தரவரிசையில் சானியா 27ஆம் இடம்வரை உயர்ந்தார். பின்னர் காயங்களும் சத்திரசிகிச்சைகளும் அந்த வழியை அடைத்தன. அவர் ஒதுங்கவில்லை, இரட்டையர் ஆட்டத்தில் முழுக் கவனம் வைத்தார். 2015 ஏப்ரலில் அதில் உலகின் முதலிடம் பெற்றார். இந்தியப் பெண்களில் அவரே முதல்வர். மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து அதே ஆண்டு விம்பிள்டன், அமெரிக்கப் பகிரங்கப் பட்டங்களையும் 2016இல் அவுஸ்திரேலியப் பட்டத்தையும் வென்றார். இருவரும் தொடர்ச்சியாக 41 போட்டிகளில் தோற்கவில்லை. 2018இல் தாயான சானியா, 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் மீண்டும் இரட்டையர் கிண்ணம் வென்றார்.

இரட்டையரில் ஒருத்தி வலையருகே நிற்க, மற்றவள் பின்னால் நின்று காப்பாள். ஒருத்தி தவறவிட்ட பந்துக்கு மற்றவள் முகம் சுளித்தால் அடுத்த புள்ளியும் போய்விடும்.

சகோதரிகளே, தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் நம்மில் ஒரு அக்கா துணைநிற்போம். சப்பாத்து, பஸ் காசு, வீட்டாரிடம் எடுத்துப் பேச ஒரு வாய், இவ்வளவுதான் வேண்டும்.