வீட்டுப் பூச்செடிக்கு விதையே!

வீட்டுத் தோட்டத்தில் பூச்செடி வளர்க்க விதையா, ஒடித்து நடும் குச்சியா என்பது வழக்கு. எதிரணி அம்மையார், "மதுரைக்காரர் மல்லிகையை மறந்துட்டு விதைக்கு வாதாட வந்துட்டாரே"ன்னு கேட்டாங்க. மறக்கலை அம்மா. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தங்கச்சிமடத்தில் வேர் பிடிக்க வைத்த குச்சிதான் இங்கே வந்து தோட்டமாகுது. ஒத்துக்கிறேன். ஆனால் அந்த மல்லியோடு சேர்த்துத் தொடுக்கிறோமே கனகாம்பரம், அதை ஏன் விட்டீங்க?

கனகாம்பரக் கதிர் காய்ந்து பழுப்பாகி நிற்கும். தண்ணீர் பட்டதும் 'டப்'பென்று வெடித்து விதையைத் தூர எறியும். காய்ந்த மண்ணில் விழுந்தால் பிள்ளை பிழைக்காது என்று மழை வரும்வரை மடியை அவிழ்க்காத தாய் ஐயா அது!

"குச்சி வைத்தால் தாய்ச்செடியின் பூ அப்படியே வரும்" என்கிறார்கள். வரும். ஏன்னா அது பிள்ளையே இல்லை, அதே செடி! ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கலாம். டெல்லி கனகாம்பரம்னு ஆசையாக வாங்குறோம். குரோமோசோம் மூன்று தொகுதியாக இருப்பதால் அதில் விதை பிடிக்காது. பட்டுப்போனால் மறுபடியும் நர்சரிக்குத்தான் நடக்கணும்.

வாடகை வீட்டுக்காரரை நினைச்சுப் பாருங்க. காலி பண்ணச் சொன்னால் பானை சட்டி வண்டியில் ஏறும், செடி ஏறுமா? "குச்சி ஒடிச்சுக்கலாமே" என்பீர்கள். புது வீட்டில் பால்காரர் யாரு, ரேஷன் கடை எங்கேன்னு அலையுற அம்மாவுக்கு அதை நட நேரம் ஏது? குச்சி வாடிடும். விதை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் பொட்டலமாகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்.

மயில்கொன்றை விதைக்கு ஓடு கெட்டி. ஓரத்தைக் கல்லில் லேசாக உரசி, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு ஊன்றணும். உரசாமல் போட்டுவிட்டு, "விதை சொத்தை"ன்னு கடைக்காரரைத் திட்டுறவங்க நம்மில் அதிகம்! மஞ்சள் அரளி விதை மட்டும் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம், கொடிய விஷம்.

மணலும் மக்கிய எருவும் நிரப்பிய ஒரு தொட்டி, உச்சி வெயில் படாத திண்ணை ஓரம், ஒரு பூவாளி. இவ்வளவுதான் செலவு.

நடுவர் அவர்களே, சாட்சி கேட்பீர்கள் என்று காய்ந்த கனகாம்பரக் கதிர் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் மேசையில் வைக்கிறேன். அந்தத் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.