இழுக்கும் வலிமையும் நிறுத்தும் வலிமையும்



அமெரிக்க நாட்டில் 'ஸ்டேஷன் வேகன்' என்றொரு வகை மோட்டார் வண்டி உண்டு. பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். புகைவண்டி நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் விடுதிகளுக்குக் கொண்டுசேர்க்க முதலில் குதிரை வண்டிகளும், பின்னர் மரக்கூண்டு பொருத்திய மோட்டார் வண்டிகளும் பயன்பட்டன. 1929இல் போர்டு கம்பெனி தன் 'ஏ' மாடலில் இத்தகைய மரக்கூண்டு வண்டியை விற்கத் தொடங்கிற்று. 1946இல் வில்லிஸ் கம்பெனி எஃகுக் கூண்டுடைய ஜீப் ஸ்டேஷன் வேகனை வெளியிட்டது. மரம் போயிற்று, மரத்தின் மேலிருந்த ஆசை போகவில்லை. போர்டு கம்பெனியின் 'கன்ட்ரி ஸ்கொயர்' வண்டி, 1952 முதல் எஃகின்மேல் மரம்போல் தோன்றும் அலங்காரத்தையே அணிந்து வந்தது.

1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறி அகன்ற சாலைகள் பெருகலாயின. குடும்பத்தினர் பலர் ஸ்டேஷன் வேகனின் பின்னே, உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு விடுமுறைப் பிரயாணம் செய்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது; 1980களில் 'மினிவேன்' வந்தது. பெரிய வேகன்களின் காலம் மங்கியது. ஆயினும் அப்பழைய வண்டிகளைத் தேடிப் புதுப்பித்து, மீண்டும் டிரெய்லர் இழுக்கப் பயன்படுத்துவோர் இன்றும் அந்நாட்டில் உளர்.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி இருக்கிறது. மோட்டார் வண்டியில் மிக முக்கியமான உறுப்பு யாது என்று வகுப்பில் நான் கேட்பதுண்டு. பெரும்பாலோர் இயந்திரம் என்பர். எட்டு சிலிண்டர் இயந்திரம் உடைய பழைய வேகனுக்கு இழுக்கும் வலிமையில் குறைவில்லை. நிறுத்துவதற்கு வலிமை உண்டா என்பதே கேள்வி.

கணக்கிட்டுப் பாருங்கள். வண்டியின் எடை 2,000 கிலோகிராம். டிரெய்லரின் எடை 1,000 கிலோகிராம் என்று கொள்வோம். அதே வேகத்தில் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்தும்போது அவ்வாற்றலின் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறியாகவேண்டும். 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பெரிய வேகன்கள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. நீண்ட மலைச்சரிவில் டிரம் சூடேறி விரிகிறது. உராய்வுப் பட்டையின் பிடிப்பும் குறைகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினும் வண்டி நிற்பதில்லை. ஆகவே, அறிந்த ஓட்டுநர் சரிவில் தாழ்ந்த கியரிலேயே இறங்குவார். கனத்த டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கும் வைப்பார்.

பாரத்தை ஏற்றுவதிலும் ஒரு நெறி உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்தவேண்டும் என்பது பொதுவிதி. பாரம் பின்புறம் மிகுந்தால், வேகம் கூடக்கூட டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் ஆடி, முன்னுள்ள வண்டியையும் கவிழ்த்துவிடக்கூடும். கொக்கியில் பாரம் மிகுந்தாலோ வேகனின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகும். திருப்புவதும் நிறுத்துவதும் தடுமாறும்.

எனவே புதுப்பிக்கும் வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் துருவேறிய அடிச்சட்டத்தையும் கொக்கி பொருத்தும் இடத்தையும் சோதிக்கவேண்டும். அடுத்து பிரேக்கும் டயரும். நாட்பட்ட டயர் பார்வைக்குப் புதிதாயினும் நம்பத்தக்கதன்று. பின்னர் இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டரும் ரப்பர்க் குழாய்களும். தானியங்கிக் கியர்ப்பெட்டி உடைய வண்டியாயின், அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியும் வேண்டும். வண்ணப்பூச்சு எல்லாவற்றிற்கும் கடைசி.

பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர். காண்போர் புகழ்வது பளபளக்கும் வண்ணத்தை. உள்ளிருப்போர் உயிரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத பிரேக்குப் பட்டை. நண்பர்களே, பழைய பொருளைப் போற்றுவது நற்பண்பு. ஆயின் அதனிடம் பெரிய வேலையை ஒப்படைக்குமுன், அதன் வலிமையை அளந்தறிவது அதனினும் சிறந்த கடமையாகும். நீங்கள் கற்கும் பௌதிகம் தேர்வுத்தாளோடு முடிவதன்று. ஒரு குடும்பம் மலைச்சரிவில் பத்திரமாக இறங்குவதும் அதனைப் பொறுத்ததே.