‘கொஸ்டின் மார்க்’ அக்கா
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்குக் கடன், வசூல் பற்றிப் பேசப் போவதில்லை. நாம் சிரிக்கிற சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

நம் கூட்டங்களில் ‘காமெடி பீஸ்’, ‘ஜோக்கர்’, ‘கார்ட்டூன்’ எல்லாம் சர்வ சாதாரணம். காஞ்சிபுரத்தில் பீஸ் என்றால் பிளவுஸ் பீஸ்தான் ஞாபகம் வரும். இப்போ மனுஷிக்கும் அதே பேர்! குண்டாக இருந்தால் ‘பப்ளிமாஸ்’. அதையும் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பம்பளிமாஸ் என்கிற பழத்தின் பேர். டச்சுக்காரர்கள் பாஷையிலிருந்து வந்தது.

விஷயத்துக்கு வருவோம். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு குழுவில் ஓர் அக்கா. சின்ன வயசிலேயே கோர்வைக்குத் துணையாளாகத் தறிக்கு வந்தவர். அப்புறம் தனியாக நெய்தார். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்கக் குனிந்தே வேலை. முதுகு வளைந்துவிட்டது. ஒருநாள் கூட்டத்துக்கு அவர் வரும்போது, ‘கொஸ்டின் மார்க் வருது பாருங்க’ என்றது ஒரு காலேஜ் பொண்ணு. எல்லோரும் சிரித்தோம். நாங்களும்தான். அந்த அக்காவும் சிரித்தார்.

அடுத்த நாலு வாரம் அவர் வரவே இல்லை. வராததற்கு அபராதம் எழுதினார்கள். அதைக் கேட்கத்தான் அவர் வீட்டுக்குப் போனோம், வேறெதற்கும் இல்லை. தறியை விட்டு எழுந்திருக்காமலே கேட்டார்: “வராததுக்கு அபராதம், சரிம்மா. என் முதுகைப் பார்த்துச் சிரிச்சதுக்கு எவ்வளவு?”

பதில் சொல்ல வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். அவரைக் ‘கூனி’ என்று தமிழில் கூப்பிட நமக்கு நாக்கு வருமா? பெரியவங்களை அப்படிச் சொல்லலாமா என்று பக்கத்திலே இருப்பவங்களே அதட்டுவாங்க. அதையே இங்கிலீஷில் சொன்னால் தமாஷ் ஆகிவிடுகிறது, சொன்னவளுக்குப் படிச்ச பொண்ணு என்ற பேர் வேறு. பட்டம் வாங்கின நாங்களே அதற்கு மயங்கிவிட்டோமே!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை நாலு பேர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், 2016-ஆம் ஆண்டு சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. இங்கிலீஷில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அதில் இல்லை.

அந்தக் குழு, அக்காவின் அபராதத்தை ரத்து செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதியது. அந்தப் பொண்ணு வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டது. போன வாரம் அக்கா கூட்டத்துக்கு வந்தார். வாசல் பக்கமாகத்தான் உட்கார்ந்தார். சேமிப்பைக் கட்டிவிட்டு, டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்.