எங்கிருப்பினும் ஓய்வூதியம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பிழைப்பு நாடி வந்த ஊரில் பல்லாண்டு உழைத்தவர், முதுமையில் பிறந்த மண்ணை நாடுவது இயல்பு. அங்ஙனம் திரும்பியவரோடு ஓய்வூதியம் எளிதில் உடன் செல்லவில்லை என்பதே நம்மவரின் நெடுநாட் குறை. 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், வருங்கால வைப்பு நிதியின் ஒவ்வொரு வட்டார அலுவலகமும் மூன்று நான்கு வங்கிகளோடு மட்டுமே உடன்பாடு கொண்டிருந்தது. ஊர் மாறினால் ஓய்வூதிய ஆணையும் அலுவலகம் மாற வேண்டும். தாள் பயணம் முடியும்வரை முதியவர் காத்திருந்தார்.

2025 ஜனவரியில் இம்முறை ஒழிந்தது. 122 அலுவலகங்கள் தனித்தனியே பகிர்ந்தளித்ததை இன்று ஒரே மைய அமைப்பு வழங்குகிறது. 2024 டிசம்பருக்குரிய தொகையை 68 லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வழியே பெற்றனர். எந்த வங்கியின் எக்கிளையிலும் பெறலாம். ஆணையை மாற்ற வேண்டுவதில்லை.

ஆயினும், பணம் செல்லும் வழி சீர்ப்பட்டதனால் மனிதர் துயர் யாவும் தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அளித்தல் வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு. பணிக்காலத்திலேயே கணவனை இழந்த தாய்க்கு, அறியாத மொழியிலுள்ள விண்ணப்பத்தை நிரப்ப ஒரு துணை வேண்டும். இவற்றை மைய அமைப்பு செய்யாது. அண்டை அலுவலகத்து மனிதரே செய்தல் வேண்டும்.

ஆதலின், பட்டுவாடாச் சுமை குறைந்த அலுவலகங்கள் அந்நேரத்தை முதியோர்க்குச் செவிசாய்ப்பதில் செலவிடுக என வேண்டுவோம். நம் சங்க இளைஞரும் வாரம் ஒரு மாலை படிவம் எழுதித் தர முன்வருவாராக.