துணைப்பாடம் தந்த தெளிவு



கல்லூரியில் நான் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாகவும் பொது நிர்வாகத்தைத் துணைப்பாடமாகவும் பயின்றேன். தேர்வுக்கு எளியது என்று கருதியே அதனைத் தேர்ந்தேன். இதனை ஒளிக்க விரும்பவில்லை. 1887-இல் உட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும் அத்துறையின் வரலாறும் எனக்கு அப்போது வெறும் மனப்பாடமே.

அந்நாளில் என் அன்னையாரின் குடும்ப ஓய்வூதிய மனு ஓர் அலுவலகத்தில் பல மாதங்கள் உறங்கிற்று. எழுத்தர்மீது சினந்தேன். அதிகார ஒப்படைப்பு பற்றிய பாடத்தைக் கேட்டபின்னரே உண்மை விளங்கிற்று. கோப்பினை எழுதி வைக்கும் கடமை அவருடையது. ஆணையிடும் அதிகாரமோ வேறொருவருடையது. கடமையும் அதிகாரமும் பிரிந்து நிற்குமிடத்தில், நல்லவர் அமர்ந்தாலும் பணி தேங்கும். ஆணையிட வேண்டிய அலுவலருக்கே விண்ணப்பித்தேன். மறுமாதம் ஓய்வூதியம் வந்தது.

இன்று, மனுவின் நிலையைக் கேட்டறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-இல் இயற்றப்பெற்ற அச்சட்டப்படி, பொதுவாக 30 நாள்களுக்குள் விடையளித்தல் வேண்டும். ஆயினும், யாரிடம் எதைக் கேட்பது என்று அறியாதவருக்குச் சட்டம் இருந்தும் பயன் குறைவே.

இதனைக் கற்போர் அனைவரும் அலுவலராவதில்லை. ஆனால் அலுவலகப் படியேறாதார் எவருமிலர். அப்படியில் திகைத்து நிற்கும் முதியவர் ஒருவருக்கு வழிகாட்ட இயலுமாயின், நீங்கள் கற்ற துணைப்பாடம் பயனுற்றதாகும்.