விஷத்தை அகற்றும் செலவு யார் தலையில்?



ஆலைகள் கழித்துத் தள்ளும் விஷ ரசாயனங்களை அப்புறப்படுத்த உலக நாடுகள் பல ஒப்பந்தங்களைச் செய்திருக்கின்றன. அந்த வேலைக்குப் பணம் கொடுப்பது யார்? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இது ஜெனிவாவில் கூடும் பெரிய மனிதர்களின் விவகாரம் என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. சாயப் பட்டறையில் டிரம்மை உருட்டுகிறவரும், வயலில் மருந்து அடிக்கிறவரும்தான் இந்த விஷத்தை முதலில் சுவாசிக்கிறார்கள்.

நைஜீரியா நாட்டில் கோக்கோ என்றொரு சிறு துறைமுகம் இருக்கிறது. 1988-ம் ஆண்டில் அங்கே ஒரு வீட்டு மனையில் ஆயிரக்கணக்கான டிரம்கள் குவிந்து கிடப்பது அம்பலமாயிற்று. அது இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த விஷக் கழிவு. மனைக்கு வாடகை மாதம் சுமார் 100 டாலர்! அதே கழிவை ஐரோப்பாவில் முறைப்படி அழிக்க எத்தனையோ மடங்கு செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் இந்தக் கப்பல் பயணம். நைஜீரிய மக்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய சர்க்கார் இத்தாலியிலிருந்து தன் தூதரைத் திருப்பி அழைத்தது. கடைசியில் இத்தாலி அந்தக் கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

இப்படிப்பட்ட சம்பவங்களின் விளைவாக 1989-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. 1992-ல் அது அமுலுக்கு வந்தது. வாங்கும் நாட்டின் எழுத்து மூலமான சம்மதமின்றி விஷக் கழிவை அனுப்பக் கூடாது. சட்ட விரோதமாக அனுப்பினால் அனுப்பிய நாடே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நடந்தது என்ன?

2006 ஆகஸ்டில், மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகருக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் கழிவைச் சுத்தம் செய்ய ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் அதிக விலை கேட்டார்கள். கொடுக்க மனமில்லாமல் அங்கிருந்து புறப்பட்ட கப்பல் அது! அபிஜானில் ஓர் உள்ளூர்க் கான்ட்ராக்டர் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டு, லாரி லாரியாக நகரைச் சுற்றிப் பல இடங்களில் இரவோடிரவாகக் கொட்டினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள் என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினார்கள்.

சட்டம் இருந்தும் ஏன் இப்படி? சட்டத்துக்குப் பின்னால் பணம் இல்லை! பாசல் ஒப்பந்தத்தில் ஏழை நாடுகளுக்கு உதவும் நிதி, மனமுவந்து கொடுப்பவர்களின் நன்கொடையாகத்தான் வைக்கப்பட்டது. துறைமுகத்தில் சோதனைக் கூடம் அமைக்கவும், டிரம்மில் இருப்பதைப் பரிசோதிக்கவும், கெட்டுப்போன மண்ணை அள்ளவும் நன்கொடைக்குக் காத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க 1999-ல் தனியாக ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். 20 நாடுகள் ஏற்றால்தான் அது அமுலுக்கு வரும். கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த எண்ணிக்கை சேரவில்லை.

“இது உலக வழக்கம், என்ன செய்வது?” என்று சிலர் கேட்கலாம். வேறு வழி உண்டு என்பதற்குச் சரித்திரமே சாட்சி. வெயிலின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மான்ட்ரீல் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குளிர்பதனப் பெட்டிகளில் அடைக்கும் சில வாயுக்களைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவும் சீனாவும் உடனே கையெழுத்துப் போடவில்லை. “இத்தனை காலம் இவற்றைத் தயாரித்து அனுபவித்தவர்கள் நீங்கள், யந்திரங்களை மாற்றும் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?” என்பதே அவர்களுடைய வாதம். 1990-ல் லண்டனில் நடந்த மாநாட்டில் பணக்கார நாடுகள் இறங்கிவந்தன. அவர்கள் கட்டும் பணத்தில் ஒரு நிதி ஏற்பட்டது. அதை நிர்வகிக்கும் 14 பேர் கமிட்டியில் 7 இடம் பணக்கார நாடுகளுக்கு, 7 இடம் மற்ற நாடுகளுக்கு. அதன் பிறகு 1991-ல் சீனாவும் 1992-ல் இந்தியாவும் சேர்ந்தன. கட்டுப்படுத்தப்பட்ட அந்த ரசாயனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு ஒழிந்துவிட்டது!

இதில் நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. “விஷத்தைத் தடுத்தால் ஆலை மூடும், வேலை போகும்” என்று நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அந்த நிதியிலிருந்து இந்தியாவின் குளிர்பதனத் தொழிற்சாலைகளும் பணம் பெற்று யந்திரங்களை மாற்றிக்கொண்டன. ஆகவே, மாற்றத்துக்குப் பணம் கிடைத்தால் தொழிலும் பிழைக்கும், தொழிலாளியும் பிழைப்பார்.

ஆனால் மற்ற விஷங்களின் விஷயத்தில் இந்தப் பாடம் முழுதாகப் பின்பற்றப்படவில்லை. கொடிய பூச்சி மருந்துகள் பற்றிய 2001-ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும், பாதரசம் பற்றிய 2013-ம் ஆண்டு மினமாட்டா ஒப்பந்தமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியை நம்பியிருக்கின்றன. 2022-ல் 29 நாடுகள் அதற்கு நான்காண்டுக்கென 533 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. காடு, கடல், பருவநிலை எல்லாவற்றுக்கும் பங்கிட்டது போகத்தான் ரசாயனத்துக்கு. 2023-ல் பான் நகரில் உருவான ரசாயனத் திட்டமும் கட்டாயமற்றதே. அதன் நிதிக்கு ஜெர்மனி 2 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. ஆனால் ரசாயனத்தை விற்று லாபம் குவிக்கும் கம்பெனிகள்? அவர்கள் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி!

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ரசாயனத்தைத் தயாரித்து விற்கும் கம்பெனிகள் விற்பனையில் ஒரு பங்கைக் கட்டாயமாக உலக நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்த நிதியின் நிர்வாகத்தில் ஏழை நாடுகளுக்குச் சரிபாதி இடம் வேண்டும். நஷ்ட ஈட்டு உடன்படிக்கை அமுலுக்கு வர வேண்டும்.

நாம் இங்கேயே செய்ய வேண்டியதும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1990-ம் ஆண்டு ரசாயன உடன்படிக்கை, வேலையில் கையாளும் ரசாயனம் எது, அதன் ஆபத்து என்ன என்று அறியும் உரிமையைத் தொழிலாளிக்குக் கூறுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலகிக்கொள்ளும் உரிமையையும் கூறுகிறது. பெயர்ச் சீட்டு இல்லாத டிரம் ஆலைக்குள் வந்தால், உள்ளே இருப்பது என்னவென்று சங்கத்தின் மூலம் எழுதிக் கேளுங்கள். மருந்து அடித்து முடிந்த காலி டப்பாவில் தண்ணீர் மொள்ளாதீர்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி விற்றவரிடம் கேளுங்கள்.

விஷத்தை விற்று வந்த லாபம் ஒருவருக்கு. அதை அள்ளும் செலவும் நோயும் நமக்கு. இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்ள முடியாது!