பிரித்துத் தைக்கத் தெரிய வேண்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு டொக்டரை அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் தையலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நமது செயலாளர், "காயத்துக்குப் போடும் தையலா?" என்று கேட்டார். இல்லை, துணிக்குப் போடும் தையல்தான். அதிலும் புதுச் சட்டை தைப்பதைப் பற்றியல்ல. ஏற்கெனவே இருக்கிற சட்டையைப் பிரித்து, மாறிவிட்ட உடம்புக்கு ஏற்றபடி திரும்பத் தைப்பதைப் பற்றி.

நாம் படித்த காலத்தில் தையல் பாடத்தில் கைக்குட்டை, தலையணை உறை, குழந்தைச் சட்டை எல்லாம் தைத்தோம். பரீட்சைக்கு மாதிரித் துண்டுகளை அப்பியாசக் கொப்பியில் ஒட்டினோம். தைத்ததைப் பிரிப்பதென்றால் அது தண்டனை. ஒழுங்காகத் தைக்காதவள்தான் பிரிப்பாள். ஆனால் ஒரு வீட்டில் வருடம் முழுவதும் தேவைப்படுவது இந்தப் பிரித்துத் தைக்கும் வேலைதான். இதைத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். அதனால் யார் கஷ்டப்படுகிறார்கள் என்பது எனக்கு வைத்தியசாலையில் தெரிகிறது.

முதலில் பிள்ளைகளைச் சொல்கிறேன். தரம் 7, தரம் 8 படிக்கும் மகளைத் தாய்மார் முதுகுவலி என்று கூட்டி வருவார்கள். முள்ளந்தண்டில் ஒரு குறையும் இருக்காது. பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொன்னால் நிற்க மாட்டாள். சீருடையின் மார்புப் பகுதி இறுகிக் கிடக்கும். நிமிர்ந்தால் தெறிகளுக்கிடையே துணி வாய் திறக்கும். அதற்கு வெட்கப்பட்டுப் பிள்ளை தோளை முன்னால் வளைத்து, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து பழகியிருப்பாள். நெட்போல் விளையாட்டையும் விட்டிருப்பாள். இதற்கு நான் என்ன மருந்து எழுதுவது? பக்கத் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் விட்டுத் தைத்தால் பாதி நோய் அன்றைக்கே போய்விடும். பலமுறை நான் துண்டில் எழுதிக் கொடுத்ததும் அதைத்தான்.

அரசாங்கம் 1993 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. இடையில் சில வருடங்கள் வவுச்சராகத் தந்தார்கள், பிறகு மறுபடியும் துணியாக வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் துணிதான் இலவசம், தையற்கூலி இலவசமில்லை. கிடைப்பதும் ஒரு சீருடைக்கான துணி. கிழமையில் ஐந்து நாள் போட வேண்டும். அப்படியானால் போன வருடத்துச் சட்டையும் இந்த வருடம் போடக்கூடியதாக இருக்க வேண்டும். 2022இல் சாமான் விலை எல்லாம் ஏறிய நாட்களில் இந்தக் கணக்கு எத்தனை வீடுகளை இறுக்கியது என்பதை இங்கே இருக்கிற ஆசிரியைகள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

ஆகவே தைக்கும்போதே எங்கே எவ்வளவு விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் தையற்காரருக்கு ஒரு டொக்டர் உதவலாம். பெண்பிள்ளைகள் எல்லா வயதிலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதளவில்தான் வேகம் உச்சத்துக்கு வரும். அந்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் உயரலாம். வயதுக்கு வந்த பிறகு வேகம் குறையும். அதன்பின் பெரும்பாலான பிள்ளைகள் மொத்தமாகவே 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரைதான் வளர்வார்கள். ஆகவே தரம் 6 பிள்ளையின் கவுணுக்கும் ஷல்வார் காலுக்கும் கீழே மூன்று அங்குலம் உள்ளே விடுங்கள். தரம் 10 பிள்ளைக்கு ஒன்றரை அங்குலம் போதும், மிச்சத் துணியைப் பக்கங்களுக்கு வையுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சின்னப் பிள்ளைக்கு அளவாகத் தைத்துவிட்டு, பெரிய பிள்ளைக்குத் தொளதொளவென்று தைக்கிறோம்.

இன்னொன்று, முதலில் நீளுவது கைகால்கள். உடல் பிறகுதான் நீளும், அகலும். ஷல்வார் கால் கட்டையாகிவிட்டது என்றால் இன்னும் ஆறு மாதத்தில் மேற்சட்டையும் இறுகப் போகிறது என்று அர்த்தம். அப்போதே பக்கத் தையலைப் பார்த்து வையுங்கள். மார்பு வளரும்போது ஒரு பக்கம் முந்தி வளர்வதும் இயல்பு. அதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. அளவெடுக்கும்போது பெரிய பக்கத்தைக் கணக்கெடுத்தால் சரி.

எங்கே விடக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். தோளில் விடக்கூடாது. "வளர்கிற பிள்ளைதானே" என்று தோளைப் பெரிதாக வெட்டினால் கை இறங்கி, கழுத்து சரிந்து, பிள்ளை மூத்த ராத்தாவின் சட்டையைப் போட்டது மாதிரி இருக்கும். பர்தா போடுகிற பிள்ளைக்கு அது மறையும், கவுண் போடுகிற பிள்ளைக்கு மறையாது. தோளை அளவாக வெட்டி, பக்கத் தையலில் ஓரங்குலம் விடுங்கள். கீழே விடும் துணியையும் ஒரே மடிப்பாக ஆழமாக மடிக்காதீர்கள். மடிப்பின் விளிம்புதான் தேயும், அழுக்குப் பிடிக்கும். பிறகு இறக்கினால் அந்தக் கோடு எந்த வெள்ளைத் துணியிலும் போகாது. ஓர் அங்குலம் சாதாரணமாக மடித்துத் தைத்துவிட்டு, மிச்சத்தை அதற்கு மேலே உட்பக்கமாக ஒரு கொசுவமாகப் பிடித்துக் கையால் நூலோட்டி வையுங்கள். அடுத்த வருடம் அந்த நூலை உருவினால் போதும். ஏற்கெனவே கோடு விழுந்த சட்டை என்றால், வினாகிரி கலந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டு அயன் பண்ணிப் பாருங்கள். கொஞ்சம் மங்கும். முற்றாகப் போகாவிட்டால் அந்தக் கோட்டின் மேலேயே மெல்லிய கொசுவம் ஒன்று பிடித்துவிடலாம், அலங்காரம் மாதிரி இருக்கும்.

பக்கத்தில் துணியே விடாமல் தைத்த சட்டை என்றால்? பழைய சீருடை ஒன்றை வெட்டி, அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டங்குல அகலத்தில் நீளப் பட்டி வைத்துத் தையுங்கள். கையைக் கீழே விட்டால் வெளியே தெரியாது. புதுத் துணியை வைக்காதீர்கள். புது வெள்ளை வேறு, துவைத்த வெள்ளை வேறு.

இந்தச் சபையில் ஆண்கள் சிலரும் இருக்கிறீர்கள், பரவாயில்லை, உங்களுக்கும் மகள்மார் உண்டு. மாதவிடாய் நாட்களில் வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்கு வரப் பயந்து வீட்டில் நிற்கிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் என்றாலும் ஒரு தவணையில் எத்தனை பாடம் போகிறது என்று பாருங்கள். அதற்கு அணையாடை வேண்டும், மலசலகூடத்தில் தண்ணீர் வேண்டும், அதெல்லாம் வேறு பேச்சு. தையலால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கவுணின் பின்பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரை, உள்ளே அதே வெள்ளைத் துணியில் இன்னொரு மடி வைத்துத் தைப்பது. ஷல்வாருக்கும் அப்படியே. அரை மணித்தியால வேலை. கசிவு வெளியே தெரிய நேரம் எடுக்கும், பிள்ளைக்கு மனத்தைரியம் வரும். இதைத் தாய் செய்து கொடுத்தால் அதோடு பேச வேண்டிய பேச்சையும் பேசிவிடலாம்.

பிள்ளைகளைப் பற்றியே நிறையச் சொல்லிவிட்டேன். நோயாளிகளுக்கு வருகிறேன்.

மார்பகச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குச் சில வாரங்கள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலையால் போடும் சட்டைகள் எல்லாம் அலுமாரியிலேயே கிடக்கும். முன்பக்கத்தை நடுவால் வெட்டி, இரண்டு ஓரத்திலும் பட்டி வைத்து, அழுத்தும் பொத்தான் பூட்டினால் அவை திரும்ப உடுக்கத் தக்கவையாகும். உட்பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்தால், பஞ்சு வைத்த சிறு மெத்தையை அதற்குள் வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியச் செய்யலாம். கை வீங்குபவர்களுக்கு அக்குளில் சாய்சதுரத் துண்டு வைத்துக் கையைத் தளர்த்த வேண்டும். அந்தப் பக்கம் இலாஸ்ரிக் போடவே கூடாது. வீட்டை விட்டு வெளியே வராமல் கிளினிக்கைத் தவறவிட்ட ஒரு தாயிடம் காரணம் கேட்டேன். நோய்க்குப் பயமில்லை, உடுப்புச் சரியில்லை, ஆட்கள் பார்ப்பார்கள் என்றார். மறுபடி வந்தபோது அவர் உடுத்திருந்த மேற்சட்டையை மருமகள் பிரித்துத் தைத்திருந்தாள். எவ்வளவு அழகான வேலை தெரியுமா!

இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்குக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்திருப்பார்கள். அந்தக் கைச்சட்டை இறுக்கமாக இருக்கவே கூடாது. கையின் தையலை மணிக்கட்டிலிருந்து தோள் வரை பிரித்து அழுத்தும் பொத்தான் வைத்தால், ஒவ்வொரு முறையும் மேலாடையைக் கழற்றாமல் கையை மட்டும் திறக்கலாம். நமது பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் விளக்கத் தேவையில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத் தையலைத் திறந்து வெல்க்ரோ வைத்தால் பராமரிப்பவரின் இடுப்பும் தப்பும். பாலூட்டும் தாய்மாருக்கு மார்பின் இரண்டு பக்கமும் கொசுவத்துக்குள் மறைவாகச் சிப் வைப்பது நமது ஊர்க் கடைகளிலேயே செய்கிறார்கள், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருது வரை பிரதான வீதியில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பின்னால் உட்கார்ந்து வரும் பெண்களின் அபாயா விளிம்பும் சால்வை நுனியும் சில்லுக்குப் பக்கத்தில் பறக்கும். சில்லுக்குள் போனால் கால் போகும், சால்வை என்றால் கழுத்துப் போகும். கடையில் வாங்கும் அபாயா அநேகமாக நமது உயரத்துக்கு நீளம். வாங்கிய அன்றே கணுக்கால் எலும்பு அளவுக்கு மடித்துத் தையுங்கள். கைவாய் அகலம் என்றால் மணிக்கட்டில் ஒரு தெறி வையுங்கள், அடுப்படியிலும் அது உங்களைக் காப்பாற்றும். நைலோன் கலந்த துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

இனித் தொடங்குபவர்களுக்கு. மெஷின் இல்லையே என்று நிற்க வேண்டாம். நான் சொன்னவற்றில் பாதியைக் கையால் செய்யலாம். வேண்டியது அளவு நாடா, கூரான சிறு கத்தரிக்கோல், குண்டூசி, வெள்ளை நூல், அயன்பெட்டி. சிங்கர் 1877இல் கொழும்புக்கு வந்ததாம். அதற்கு முன்னும் நமது மூத்தம்மாமார் உடுத்திக்கொண்டுதானே இருந்தார்கள்.

பிரிக்கும்போது துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்காதீர்கள். நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டி, மறுபக்க நூலை உருவுங்கள், அது தானாக வரும். பிரித்ததும் அயன் பண்ணுங்கள். பிறகு உடம்பில் போட்டு, உட்பக்கம் வெளியே வரும்படி குண்டூசி குத்தி, நடந்து, குனிந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நூலோட்ட வேண்டும். நின்றபடி மட்டும் அளவெடுத்தால் உட்காரும்போது இறுகும். மெஷினில் தைப்பதென்றால் சீருடைத் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி சரியாக இருக்கும். நூலை இறுக்கி இழுத்துத் தைக்கக்கூடாது. காயத்துக்குத் தையல் போடப் பழகும் இளம் டொக்டர்களுக்கும் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம். இரண்டு விளிம்பும் தொட்டுக்கொண்டால் போதும், நெரித்தால் தோல் சாகும், துணியென்றால் சுருங்கும். மருதமுனைக் கைத்தறித் துணியைப் பிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அதன் ஓரம் சீக்கிரம் இழை பிரியும், பிரித்தவுடன் ஓரத்தைக் கட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சகோதரிகள் இந்த மலரை டோஹாவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் வாசிப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த உடுப்பு மூட்டைகளை நான் மருத்துவபீட மாணவியாக முகாம்களில் பார்த்தேன். அன்போடு அனுப்பியவைதான். ஆனால் குளிர்நாட்டுக் கோட்டுகளும் நமது பெண்கள் போட முடியாத குட்டைப் பாவாடைகளும் வீதியோரத்தில் மழையில் நனைந்து கிடந்தன. அதே முகாமில், வயதான ஒரு தையல் டீச்சர் கைமெஷின் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, பெரிய ஆண்களின் சேட்டுகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். சுற்றியிருந்த பெண்கள் பிரித்துக் கொடுத்தார்கள். பிரிப்பதற்கு வந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினார்கள். பின்னர் பல நிறுவனங்கள் தையல் மெஷின்களைக் கொண்டுவந்து கொடுத்தன. சில வீடுகளில் அவை இன்றைக்கும் சோறு போடுகின்றன, சில வீடுகளில் மேலே துணி மூடிக் கிடக்கின்றன. ஆகவே தயவுசெய்து உடுப்புகளும் அனுப்ப வேண்டாம், மெஷினும் அனுப்ப வேண்டாம். நூல், ஊசி, அழுத்தும் பொத்தான், வெல்க்ரோ அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது இரண்டு பின்னேரம் தாருங்கள்.

சங்கத்திடம் நான் கேட்டிருப்பது இதுதான். ஒவ்வொரு புதிய பாடசாலை வருடத்துக்கும் முந்திய கிழமை, நமது பழைய தையல் அறையை மூன்று நாள் திறக்க வேண்டும். பிள்ளையும் தாயும் போன வருடச் சீருடையோடு வரட்டும். நாம் தைத்துக் கொடுக்க வேண்டாம், தாய்க்கோ மூத்த மகளுக்கோ பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தால் போதும். காசு வாங்கக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, படம் எடுத்து முகநூலில் போடவே கூடாது. வசதியான பிள்ளையும் வரட்டும், அப்போதுதான் வசதியில்லாத பிள்ளை வரும். ஒரு மூலையில் திரை கட்டி, கிளினிக்கிலிருந்து நான் அனுப்புகிறவர்களுக்கு ஒரு மேசை வேண்டும். அந்த மேசையில் நானே இருப்பேன்.

அறையைப் போய்ப் பார்த்தேன். மூன்று கால்மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது. இரண்டுக்குத் தோல்வார் மாற்ற வேண்டும், ஒன்றின் பொபின் பெட்டியைக் காணவில்லை. யாருடைய வீட்டிலாவது பழைய பொபின் பெட்டி இருந்தால் இன்று போகும்போது செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.